ஹீலியம் வாங்கப் பணமில்லை

காந்தம் செத்துப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அந்த அறையில் யாரும் இல்லை. அது ஒன்றுதான் எங்கள் நல்ல காலம். திங்கள் காலை கதவைத் திறந்த ஆய்வு மாணவி திரும்பி ஓடிவந்து, "ஹீலியம் அளவு பூஜ்யம் காட்டுகிறது சார், மேலே குழாயைச் சுற்றிப் பனி" என்று சொன்னபோது, துறையில் அந்தக் கருவியை அறிந்த நான்கைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏழு வாரமாக எதிர்பார்த்திருந்த சாவு அது.

நான் வேதியியல்காரன். தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் என் வேலை நாள்களில் பெரும்பகுதியைக் கழித்தவன். வலிய காந்தத்துக்குள் வைத்து மூலக்கூறுகளின் அமைப்பைப் படிக்க உதவும் எங்கள் என்.எம்.ஆர். கருவியின் கதையைச் சொல்லாமல், அரசு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றி எனக்குப் பேச வராது.

அந்தக் கருவியின் வயிற்றுக்குள் இருப்பது மின்தடையே இல்லாத ஒரு கம்பிச்சுருள். அதுதான் காந்தம். ஒருமுறை மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே நிபந்தனை, சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் உறை. இரண்டும் சதா ஆவியாகிக்கொண்டே இருப்பவை. நைட்ரஜனை வாரத்துக்கு ஒருமுறை போல ஊற்ற வேண்டும். ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. தவறினால் சுருளின் ஏதோ ஓர் இடம் சற்றுச் சூடாகும், அங்கே மின்தடை முளைக்கும், அதுவரை சுற்றிக்கொண்டிருந்த மின்னோட்டம் மொத்தமும் வெப்பமாக மாறும், மிச்ச ஹீலியம் கொதித்துச் சீறிக்கொண்டு வெளியேறும். ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் 700 லிட்டருக்கும் மேலான வாயுவாக விரியும். அறையில் உள்ள காற்றை அது வெளியே தள்ளிவிடும். உள்ளே ஆள் இருந்தால் மூச்சு முட்டும். குவென்ச் என்று இதைச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமையை நல்ல காலம் என்றது அதனால்தான்.

எங்களுக்கு ஹீலியம் வராமல் போனதற்கு யாரையும் வில்லனாக்க முடியாது. கருவி, அரசு கொடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தின் பணத்தில் வந்தது. ஐந்தாண்டு முடிந்தது, கணக்கு ஒழுங்காக முடித்துக் கொடுக்கப்பட்டது, கருவி பல்கலைக்கழகத்தின் சொத்தாகப் பதிவேட்டில் ஏறியது. ஆறாம் ஆண்டு ஹீலியத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். நிதிப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியோடு: "எந்தத் தலைப்பின் கீழ்?" நியாயமான கேள்வி. திட்டம் இல்லை, ஆகவே திட்டத் தலைப்பு இல்லை. துறையின் வேதிப்பொருள் தலைப்பில் இருந்த தொகை மாணவர் ஆய்வகத்துக்கான அமிலத்துக்கும் கண்ணாடிக் குடுவைக்கும்தான் காணும். பராமரிப்புத் தலைப்பு கட்டடப் பிரிவுக்குச் சொந்தம். அவர்கள் ஹீலியம் என்பதை ஏதோ பெயின்ட் வகை என்று நினைத்திருக்கக்கூடும். கோப்பு மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஏழு வாரத்தில் ஹீலியம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஆவியாகிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நடந்திருந்தது. கருவியை இயக்கியவர் ஒப்பந்த ஊழியர். மாணவர்களும் நானும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய மாதிரியில் நீர் கலந்திருக்கிறது, யார் அவசரத்தில் குழாயைச் சரியாகத் துடைக்கவில்லை என்பதையெல்லாம் திரையில் கோடு விழுவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு நீளக் கணக்கு நோட்டில் தினமும் ஹீலியம் அளவை எழுதுவார், விடுமுறை நாளிலும். திட்டம் முடிந்த அன்றே அவருடைய வேலையும் முடிந்தது. தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். எங்களைவிட நல்ல சம்பளம் என்று கேள்வி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் "அடுத்து ஊற்ற வேண்டிய தேதி" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தத் தேதி கடந்து பன்னிரண்டாம் நாள் காந்தம் போனது.

மாவட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு பணம் தருவதில்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பணம் வருகிறது. மாலையும் கல்வெட்டும் புகைப்படமுமாக வருகிறது. கட்டடமாகவும் கருவியாகவும் வருகிறது, ஏனென்றால் அவற்றுக்குத்தான் ரிப்பன் வெட்ட முடியும். ஹீலியத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? அண்ணனின் ஏழாம் ஆண்டுச் சம்பளத்துக்கு எந்த அமைச்சர் விளக்கேற்றுவார்?

வரலாற்றில் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட அரசுகள் இருந்திருக்கின்றன. புரிந்துகொண்டதே தற்செயலோ என்று சில நேரம் தோன்றும். அமெரிக்காவில் 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மொரில் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்தது. விற்று, உழவையும் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கும் கல்லூரி நடத்திக்கொள்ளச் சொன்னது. (அது காலியாகக் கிடந்த நிலமல்ல. பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கியது. அந்தக் கடன் அந்தப் பல்கலைக்கழகங்களின் கணக்கில் இன்னும் அடைபடாமல் இருக்கிறது.) ஆனால் கல்லூரி இருந்தால் மட்டும் ஆய்வு நடந்துவிடுமா? இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1887இல் வந்த ஹாட்ச் சட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாநிலத்துக்கு ஒரு வேளாண் சோதனை நிலையம். அதற்கு ஆண்டுக்கு 15,000 டாலர். அழகே அந்த "ஆண்டுக்கு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும் என்று தெரிந்தால் மனிதன் வேறு விதமாகக் கேள்வி கேட்பான்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்படிக் கேட்கப்பட்ட முதல் கேள்விகளில் ஒன்று மிக எளியது: பாலில் எவ்வளவு கொழுப்பு? அப்போது பாலை எடைபோட்டு வாங்கினார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் நல்ல பால் கொண்டுவந்தவனுக்கும் ஒரே விலை. ஸ்டீபன் பாப்காக் என்ற வேதியியலாளர் 1890இல் கந்தக அமிலத்தையும் ஒரு சுழல் இயந்திரத்தையும் வைத்துக் கொழுப்பைப் பிரித்து, குறுகிய கண்ணாடிக் கழுத்தில் அளந்து காட்டினார். எந்தப் பால் பண்ணையிலும் செய்யக்கூடிய சோதனை. காப்புரிமை எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் "ஈட்டிய வருவாய்" என்ற கட்டத்தில் பூஜ்யம்தான் எழுதியிருப்பார்.

அதே வளாகத்தில் 1933 பிப்ரவரியில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. பனிப்புயலுக்கு நடுவே ஒரு விவசாயி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடேரி, பால் கேனில் உறையாத ரத்தம், இனிப்புக் குளோவர் என்ற தீவனப் பயிரின் கெட்டுப்போன வைக்கோல் ஒரு பொதி. அவர் தேடி வந்தது கால்நடை மருத்துவரை; சனிக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த ஆய்வகக் கதவு கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளருடையது. மாடு ஏன் ரத்தம் கசிந்து சாகிறது என்ற கேள்விக்கு அன்று லிங்க்கிடம் பதில் இல்லை. அந்த வைக்கோலை வேறு கொடுக்காதீர்கள், முடிந்தால் மாட்டுக்கு ரத்தம் ஏற்றிப் பாருங்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விவசாயி திரும்பிப் போனார். பால் கேன் ரத்தம் மட்டும் அங்கேயே இருந்தது.

வைக்கோலில் இருந்த நஞ்சைத் தனியே பிரித்துப் படிகமாக்க 1939 ஆயிற்று. ஆறு ஆண்டு. அதிலிருந்து கிளைத்த ஒரு வேதிப்பொருள் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. வார்ஃபரின். 1954இல் அதுவே மனிதர்களுக்கான மருந்தாயிற்று. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. ரத்தம் உறையாமலிருக்க வேண்டிய இதய நோயாளிகள் இன்றும் அதைச் சாப்பிடுகிறார்கள். பெயரின் முற்பாதி விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் தலைப்பெழுத்துகள். வைட்டமின் டி தொடர்பான காப்புரிமைகளைப் பராமரிக்க 1925இல் தொடங்கிய அமைப்பு அது. கிடைத்ததை ஆய்வுக்கே திருப்பிப் போட்டது.

மூன்று ஆண்டுத் திட்டமாக இருந்தால் 1936இல் லிங்க்கின் இறுதி அறிக்கையில் என்ன எழுதியிருப்பார்? "நஞ்சு இன்னும் பிரிக்கப்படவில்லை." நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தால் நம் மதிப்பீட்டுக் குழுக்களில் எது கொடுத்திருக்கும்? நானும் அத்தகைய குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

சரி, பணத்தை எங்கே போடுவது என்ற பழைய சண்டைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல், போர்க்கால அறிவியல் ஆய்வை வழிநடத்திய வன்னேவார் புஷ் அமெரிக்க ஜனாதிபதியிடம் ஓர் அறிக்கை கொடுத்தார்: அடிப்படை அறிவியலுக்கு அரசு பணம் தர வேண்டும், அதை அறிவியலாளர்களே தகுதி பார்த்துப் பங்கிட வேண்டும். எதிர்ப்பக்கம் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஹார்லி கில்கோர். போர்க்கால ஆய்வுப் பணம் ஒரு சில பெரிய நிறுவனங்களுக்கே போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்திருந்தார். இனியாவது நாடு முழுக்கப் பரவ வேண்டும் என்றார். 1950இல் பிறந்த தேசிய அறிவியல் அறக்கட்டளை பெரும்பாலும் புஷ்ஷின் பிள்ளை. கில்கோரின் கவலை கிடப்பில் கிடந்து, 1979இல் எப்ஸ்கோர் என்ற பெயரில் தலைகாட்டியது: ஆய்வுப் பணம் குறைவாகப் பெறும் மாநிலங்களுக்கென்று ஒரு தனித் திட்டம். முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களில் கில்கோரின் மேற்கு வர்ஜீனியாவும் ஒன்று. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இளைஞனாக இருந்தபோது நான் முழுக் கில்கோர் கட்சி. இப்போது பாதிதான். தகுதி பார்க்காமல் பரப்பிய பணம் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன்: அடுத்தடுத்த இரு துறைகளில் ஒரே வகைக் கருவி, இரண்டிலும் தூசி, சாவி இரு பேராசிரியர்களின் மேசை அறைக்குள். ஆனால் தகுதி என்கிறோமே, அதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. உள்ளவனுக்கே மேலும் சேரும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1968இல் மத்தேயு விளைவு என்று பெயரிட்டுச் சொன்னார். கனடாவில் ஃபோர்ட்டின், கரி என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். அதிகப் பணம் வாங்கியவர்களின் ஆய்வுத் தாக்கம் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஒரு டாலருக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறைந்தது. சிலருக்குப் பெரிதாகக் கொடுப்பதைவிடப் பலருக்குச் சிறிதாகக் கொடுப்பது மேல் என்ற பக்கம் அவர்களின் முடிவு சாய்ந்தது. எனக்குச் சாதகமான முடிவு என்பதால் அதை நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கனடா என்றதும் எனக்கு சஸ்கட்டூன் நினைவுக்கு வரும். கோதுமைச் சமவெளிக்கு நடுவே, குளிர்காலத்தில் மைனஸ் முப்பதுக்குக் கீழே போகும் ஊர். அங்கே இருக்கும் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தைத் தேசத்தின் முதல் வரிசை என்று யாரும் 1945இல் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஹரோல்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளர் வந்து சேர்கிறார். புற்றுநோய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மாகாண அரசுக்கு ஏற்கெனவே அக்கறை இருந்தது. 1948இல் பீட்டாட்ரான் என்ற எலக்ட்ரான் முடுக்கி ஒன்று வாங்குகிறார்கள். இயற்பியல் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் அதே இயந்திரம். அதை இயக்கிப் பழகிய கைகள்தான் அடுத்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவியை வடிவமைத்தன. கோபால்ட் சாக் ரிவர் அணு உலையில் சமைந்து வந்தது. 1951 நவம்பரில் சஸ்கட்டூனில் சிகிச்சை தொடங்கியது. ஒன்டாரியோவின் லண்டன் நகரம் சில நாள் முந்திக்கொண்டது. ஆனால் கதிர் உடலுக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுமையாக அளந்து பார்த்த பிறகே சஸ்கட்டூன் தொடங்கியது. அந்த அளவீட்டில் முக்கிய வேலை செய்தவர் சில்வியா ஃபெடோருக் என்ற ஆய்வு மாணவி. பின்னாளில் அந்த மாகாணத்தின் துணைநிலை ஆளுநரானார்.

அதோடு நிற்கவில்லை. 1964இல் அதே வளாகத்தில் நேர்கோட்டு எலக்ட்ரான் முடுக்கி வந்தது. முப்பது ஆண்டு அணுக்கரு இயற்பியல். முடுக்கியைத் திருத்தவும், வெற்றிடக் குழாயில் ஓட்டை கண்டுபிடிக்கவும், கதிர்க் கற்றையை வளைக்கவும் தெரிந்த ஒரு கூட்டம் அந்தக் குளிர் ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருந்தது. 1999இல் எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு மிகப் பிரகாசமான ஒளியை எடுக்கும் சின்க்ரோட்ரான் ஒளிக்கூடத்தை, கனடாவின் முதலாவதை, எங்கே அமைப்பது என்று முடிவு செய்தபோது, பழைய முடுக்கியும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்த இடத்துக்கே பணம் போயிற்று. சுமார் 174 மில்லியன் கனடா டாலர். மத்திய அரசு, மாகாண அரசு, பல்கலைக்கழகம், நகராட்சி கூடப் பங்கு போட்டன. 2004இல் திறந்தார்கள். 1964ஆம் ஆண்டின் முடுக்கியையே செப்பனிட்டு, புதிய வளையத்துக்குள் எலக்ட்ரான்களை ஊட்டும் வாயாக வைத்துக்கொண்டார்கள். நாற்பது வயதுக் கருவி! எங்கள் பதிவேட்டில் பத்து வயதானாலே "கழிக்கப்பட வேண்டியவை" என்ற பட்டியலுக்குப் போய்விடும்.

அந்தப் பணத்தில் ஒரு பெரிய பங்கைக் கொடுத்த அமைப்பின் வழிமுறையில் எனக்கு ஒரு பொறாமை உண்டு. கனடா புத்தாக்க அறக்கட்டளை 1997இல் தொடங்கியபோது, கருவிச் செலவில் 40 சதவீதம் வரை தரும், மிச்சத்தை மாகாணமும் பிறரும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கருவிகள் வந்து இறங்கின. ஓட்டப் பணமில்லை. எங்கும் நடப்பதுதான். ஆனால் அவர்கள் நான்கே ஆண்டில் விழித்துக்கொண்டார்கள். 2001 முதல், கருவிக்குக் கொடுத்த தொகையில் 30 சதவீதம் அளவுக்கு இயக்கவும் பராமரிக்கவும் தனியாகச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஹீலியத்துக்கு ஒரு தலைப்பு! இதைப் படித்த அன்று நான் நிதிப் பிரிவுக்கு ஓடிப்போய்க் காட்டலாமா என்று கூட நினைத்தேன். காட்டவில்லை. அங்கே இருந்த அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார்.

அதிலும் முழு நிம்மதி இல்லை. அந்த ஒளிக்கூடத்தை ஓட்டும் செலவு பல ஆண்டுகள் பல வாசல்களில் கையேந்தித்தான் சேர்ந்தது. பெரிய கூடங்களுக்கென்று தனி இயக்க நிதி பிறகுதான் வந்தது. முப்பது சதவீதம் முதல் சில ஆண்டுக்குத் தாங்கும். காந்தத்தின் ஆயுள் இருபது ஆண்டு.

எதிர்த்திசையில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். 2004இல் அங்கே தேசியப் பல்கலைக்கழகங்களைத் தனி நிறுவனங்களாக்கினார்கள். அன்றாடம் ஓட்டுவதற்கான அரசுக் கொடை அதன் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்று பல ஆண்டுகள் குறைந்துகொண்டே வந்தது. போட்டியிட்டு வெல்ல வேண்டிய பணம் கூடியது. ஒரு சதவீதம்தானே? முதலாண்டு தெரியாது. பத்தாவது ஆண்டில், ஓய்வு பெற்றவரின் நாற்காலி காலியாகவே இருக்கும். போட்டியில் டோக்கியோவும் கியோட்டோவும் வெல்லும். பிராந்தியப் பல்கலைக்கழகங்களில் இளைஞர்கள் சில ஆண்டுக்கு மட்டுமான ஒப்பந்த வேலையில் தவிப்பார்கள். 2016இல் நோபல் பரிசு பெற்ற ஓசுமி யோஷினோரி இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்தவர். ஈஸ்ட் செல் தன்னையே தின்பதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அது எதற்குப் பயன்படும் என்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. பரிசுப் பணத்தைப் போட்டு அடிப்படை ஆய்வுக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பரிசு பெற்றவர் தன் கைப்பணத்தைப் போட வேண்டியிருக்கிறது என்பதை அந்த அரசு பெருமையாக எடுத்துக்கொண்டதா, வெட்கமாக எடுத்துக்கொண்டதா?

இனி அந்தப் புத்தாக்கம் என்ற சொல். ஒரு காலத்தில் ஆய்வு என்று மட்டும் இருந்த அறிவிப்புகளில் இப்போது "ஆய்வும் புத்தாக்கமும்" என்று இரட்டைக் குழந்தைபோல வருகிறது. எங்களுக்கும் ஒரு புத்தாக்க மையம் கிடைத்தது. கண்ணாடிச் சுவர், வண்ண நாற்காலிகள், சுவரில் பல்பு படம். கண்டுபிடிப்புகளை விற்றுத் தரும் அலுவலகங்கள் உலகெங்கும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தம் சம்பளத்தையே ஈட்டுவதில்லை. விஸ்கான்சின் போல அடித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இதைத் தெரிந்தே வைத்திருந்தால் தவறில்லை. இரண்டாம் ஆண்டே லாபம் எங்கே என்று கேட்பதுதான் தவறு.

பின்லாந்தின் வடக்கே ஔலு என்ற ஊரில் 1958இல் அரசு ஒரு பல்கலைக்கழகம் நிறுவியது. வடக்கை விட்டு இளைஞர்கள் போகாமலிருக்க வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. உலகத்தை மாற்றுவது அல்ல. 1974இல் அரசின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் தன் மின்னணு ஆய்வகத்தை அங்கே வைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் பேராசிரியர் ஒருவர் 1977இல் பக்கத்து ஊரில் தொடங்கிய போலார் நிறுவனம் கம்பியில்லா இதயத் துடிப்புமானியை 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு நோக்கியாவின் பெரிய ஆய்வுக் கூடங்கள். பிறகு நோக்கியாவின் கைபேசித் தொழிலே கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஊர் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ரேடியோ அலைகளைப் பற்றித் தெரிந்த அத்தனை பேர் ஒரே ஊரில் இருந்தார்கள், பல்கலைக்கழகமும் இருந்தது. புதிய நிறுவனங்கள் முளைத்தன. 2018இல் ஆறாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்புக்கான தேசிய ஆய்வுத் திட்டம் ஔலுவுக்கே வந்தது. 1958ஐ விதைத்தவர்களில் எத்தனை பேர் 2018ஐப் பார்த்தார்கள்? எந்தத் தேர்தலுக்கும் அது உதவியிருக்காது.

எங்கள் காந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மூல விண்ணப்பத்தை எழுதிய மூவரில் நானும் ஒருவன். முதல் வரைவில் கருவியை ஓட்டும் இயக்குநர்கள் இருவர், பத்து ஆண்டு ஹீலியம், உதிரிபாகம் எல்லாம் இருந்தன. தொகை வரம்பைத் தாண்டியது. எதைக் குறைப்பது? கருவியைச் சிறியதாக்கலாம் என்று மூவரில் ஒருவர் சொன்னார். நான்தான் மறுத்தேன். பக்கத்துப் பல்கலைக்கழகம் 400 மெகாஹெர்ட்ஸ் வலுவுள்ள கருவி வைத்திருந்தது. நாங்கள் அதைவிடக் குறைவாகக் கேட்பதா? அந்தக் கௌரவத்தை நான் விடவில்லை. ஹீலியத்தை ஐந்து ஆண்டாக்கினோம். இரண்டு இயக்குநர்களில் ஒருவரை நீக்கினோம். மிச்சமிருந்த ஒருவரை "திட்டக் காலம் வரை" என்று எழுதினோம். அண்ணனின் வேலையின் கடைசி நாளை என் கையால்தான் எழுதியிருக்கிறேன், அவர் யாரென்று தெரிவதற்கு முன்பே.

குவென்சுக்குப் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. "நோட்டைப் பார்த்தீர்களா சார்?" என்று மட்டும் கேட்டார். பார்த்தோம் என்றேன். சுருளுக்குச் சேதம் இல்லை என்றால் திரும்ப மின்னேற்றலாம், ஆனால் நிறுவனத்திலிருந்து பொறியாளர் வர வேண்டும், ஹீலியம் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆகும் என்றார். ஆயிற்று. ஏழு வாரம் கோப்பில் சிக்கிக் கிடந்த தொகையைவிடப் பல மடங்கு. அவசரச் செலவு என்ற தலைப்பில் அது நான்கே நாளில் அனுமதியானது.

சென்ற ஆண்டு வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை மதிப்பிட என்னை அழைத்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு இப்படிப்பட்ட வேலைகள் வரும். நல்ல விண்ணப்பம், எழுதியவர் இளம் பேராசிரியை, வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டே எழுதியிருந்தார். மண்ணில் சேரும் உலோக நஞ்சைப் பற்றியது. கேட்டிருந்த, தனிமங்களை அளக்கும் நிறமாலைமானி அந்த வகையிலேயே மிக விலை உயர்ந்தது. பணியாளர் பக்கத்தைத் திருப்பினேன். இயக்குநர் ஒருவர், பதினொரு மாதம்.

"பன்னிரண்டாம் மாதம் யார் ஓட்டுவார்கள் அம்மா?" என்று கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். "மாணவர்கள் பழகிக்கொள்வார்கள் சார். தொகை வரம்புக்குள் வர வேண்டியிருந்தது."

அதற்கு அடுத்த கீழ் மாதிரியில் உங்கள் வேலை நடக்குமா என்றேன். நான்கு தனிமங்களைத் தவிர எல்லாம் நடக்கும் என்றார்; கணக்கை மனதில் வைத்திருந்தார், அந்த நான்கும் அவருடைய கேள்விக்குத் தேவையில்லை என்பதையும். குழுவில் இருந்த மற்ற இருவர், கீழ் மாதிரியை வாங்கினால் திட்டத்தின் தரம் குறைந்ததாகத் தெரியாதா என்று தயங்கினார்கள். ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. கடைசியில் மாதிரியைக் குறைத்து, பதினொரு மாதத்தை ஐந்து ஆண்டாக்கி, ஓரத்தில் மூவரும் கையெழுத்திட்டோம். நல்ல இயக்குநர் கிடைப்பாரா என்று அந்தப் பேராசிரியை கேட்டார். எனக்கு ஒருவரைத் தெரியும் என்றேன். அண்ணனின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. தனியார் சம்பளத்தை விட்டு வருவாரா என்பதுதான் தெரியவில்லை.